றோஸ் கேசரியும் நான்கு கோல்களும்

ஒருபக்கமாகவே போன ஆட்டத்தை எழுத அதிக இடம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நான் வேலை செய்த காலத்தில், ஆறுக்குப் பூச்சியம், ஏழுக்கு ஒன்று என்று செய்தி வந்தால் அதை நான்கு வரிக்கு வெட்டிவிடுவோம். கடைசி நிமிடத்தில் தீர்ந்த ஆட்டத்துக்கு அரைப்பக்கம்கூடக் கொடுப்போம். மூன்றாவது கோலுக்குப் பிறகு செய்தி இல்லை என்பது எங்கள் மேசையின் வழக்கம். கோல் போட்டவர்களின் பெயர்கள் பிழையில்லாமல் இருந்தால் போதும். தோற்றவர்கள் எப்படித் தோற்றார்கள் என்று கேட்டு ஒருவரும் காரியாலயத்துக்கு வந்ததில்லை.

பலேர்மோவுக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, நான்கு வரிக்குள் அடங்காத ஒரு நான்குக்குப் பூச்சியத்தைப் பார்த்தேன். மைதானத்தில் ஓடியவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. என் மனைவியின் தம்பி தன் மனைவியையும் மகளையும் இத்தாலிக்குக் கூப்பிட முடியுமா என்பது அந்த ஆட்டத்தில் தங்கியிருந்தது. அப்படித்தான் அவன் நம்பினான். நாங்களும் நம்பினோம்.

மச்சான் எங்களோடு பிரான்காச்சோவில், மாநகரசபை கட்டிய அடுக்குமாடியில் இருந்தான். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, நகரத்தின் மறுகோடியில், மலையடிவாரத்து விளையாட்டரங்குக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பாருக்கு வேலைக்குப் போவான். பார் என்றால் இங்கே முதலில் காப்பிக் கடை. பின்பக்கச் சமையலறையில் அவன் அரஞ்சினா பொரித்தான். சோற்றை உருண்டையாக்கி, நடுவில் இறைச்சி வைத்து, பாண் தூளில் புரட்டிப் பொரிக்கிற பண்டம் அது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வந்து, "அத்தான், எங்கடை ரோல்ஸைச் சோத்தில செய்து வச்சிருக்கிறாங்கள்" என்றான். ஒரு மாதத்தில் அந்தத் தெருவிலேயே ஒரே அளவாக உருட்டுகிறவன் என்று பெயர் எடுத்தான்.

அவன் முழுநேரம் வேலை செய்தான். கடதாசியில் அரைநேரம்தான் இருந்தது. அந்தக் கடதாசியோடு அவனுடைய பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்கலாம். அதாவது அவன் மட்டும் இந்த நாட்டில் இருக்கலாம். குடும்பத்தைக் கூப்பிட முழுநேர ஒப்பந்தம் வேண்டும், அவர்களை வைத்திருக்கத் தகுந்த வீடும் வேண்டும். எங்கள் மாடிக்கு மேலே இரண்டு அறை வீடொன்று வரும் கோடையில் காலியாகும் என்றிருந்தது. முழு ஒப்பந்தத்தைக் காட்டினால் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். எனவே எல்லாம் பார் முதலாளியின் கையெழுத்தில் நின்றது. அவனுடைய மனைவி வவுனியாவில் இருந்தாள். மகளை அவன் கைக்குழந்தையாக ஒருமுறை, போன விடுமுறையில் ஒருமுறை, ஆக இரண்டு முறைதான் தூக்கியிருக்கிறான்.

முதலாளி அறுபதைத் தாண்டியவர். கடை அவருடைய தகப்பனாருடையது. நகரத்து அணி முதல் பிரிவில் விளையாடிய காலத்தில் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காதாம். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆட்டம் இல்லாத நாட்களில் பாரில் ஓய்வு பெற்ற நாலைந்து பேர் ஒரு காப்பியோடு மதியம் வரை இருப்பார்கள். மழைக்காலத்து நாளொன்றில் முதலாளி மச்சானிடம் சொன்னார்: அணி மேலே போனால் கடையை வைத்திருப்பேன், உனக்கு முழு ஒப்பந்தம் எழுதித் தருவேன். போகாவிட்டால் விற்றுவிடுவேன். சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவது போலக் காட்டினாராம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மச்சான் என்னிடம் கேட்டான்.

"அத்தான், உந்த மேலை போறது எண்டால் என்ன?"

அதுவரை அவனுக்கு உதைபந்தாட்டம் என்றால் சனி, ஞாயிறுகளில் அதிகம் பொரிக்க வேண்டிய காரணம், அவ்வளவுதான். நான் விளக்கினேன். பிரிவில் முதலிரண்டு அணிகள் நேராக மேலே போகும். அடுத்த ஆறு அணிகள் பருவத்தின் முடிவில் தங்களுக்குள் மோதும். அந்த ஆறில் ஒன்று போகும்.

"எங்கடையள் எத்தினையாவது?"

"பன்னிரண்டாவது."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு யோசித்தான். "பெரிய தூரமில்லை" என்றான்.

என் மனைவி இரசச் சட்டியை இறக்கி வைத்தாள். "இருவத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னால ஓடுறாங்கள். இனி என்ரை தம்பியின்ரை குடும்பமும் அவங்களுக்குப் பின்னால ஓடப்போகுது."

அந்தக் குளிர்காலத்து ஆட்டங்களைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்ல முடியாது. பந்து பக்கவாட்டிலேயே போனது. முன்னால் கொடுக்க ஆளிருந்தும் பின்னால் கொடுத்தார்கள். சொந்த மைதானத்திலேயே சொந்த ஆட்கள் சீட்டியடித்தார்கள். நான் காலையில் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா ஒருநாள், "இவர்கள் பந்தை வங்கியில் போட்டு வைக்கிறார்கள்" என்றார். மதியம் எனக்கு வேலை முடியும். ஆட்டமுள்ள நாட்களில் நான் பாருக்குப் போய், சுவர்த் தொலைக்காட்சியில் பார்ப்பேன். மைதானம் அடுத்த தெருவில்தான். ஆனால் உள்ளே போகிற வசதி எங்களுக்கு இல்லை.

அங்கே ஒரு விநோதம் இருந்தது. தொலைக்காட்சிப் படம் சில வினாடிகள் பிந்தித்தான் வரும். அரங்கத்துச் சத்தமோ கூரைகளுக்கு மேலால் உடனே வந்துவிடும். எங்கள் ஆட்கள் கோல் போட்டால் முதலில் கோப்பைகள் அதிரும். பிறகு திரையில் ஒருவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்குவார். மற்றவர்கள் போட்டால் வெளியே சட்டென்று ஓசை அறுந்துவிடும். சமையலறையில் எண்ணெய் கொதிப்பது அப்போதுதான் கேட்கும். மச்சான் பொரித்துக்கொண்டே இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகினான். திரையைப் பார்க்காமலேயே, "விட்டிட்டாங்கள்" என்பான். சொல்லி முடிந்த பிறகு நாங்கள் அதைப் பார்ப்போம்.

தை, மாசியில் அவன் வீரர்களின் காயங்களைப் பாடமாக்கியிருந்தான். இடது பின்வரிசை வீரர் ஒருவருக்கு முழங்கால் வருத்தம். வவுனியாவிலிருந்து அவனுடைய மனைவி எனக்கு எடுத்தால், சுகம் விசாரித்த கையோடு, "அண்ணை, அந்தாளின்ரை முழங்கால் இப்ப எப்பிடி?" என்று கேட்பாள். அவள் வாழ்நாளில் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை.

எப்படியோ, வேறு அணிகள் இன்னும் மோசமாக விளையாடியதால், எங்கள் அணி பருவத்தின் கடைசி நாளில் எட்டாவது இடத்துக்கு வந்தது. தகுதியுள்ள இடங்களில் கடைசி இடம் அது. முதல் சுற்றில் எதிரணியின் பின்வரிசை வீரர் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்துக்கொடுத்தார். அரையிறுதியில் ஒன்று சமநிலை, மற்றதில் மத்தியஸ்தர் கொடுத்த ஒரு தண்டனை உதை. இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். முதலாவது எங்கள் மைதானத்தில், இரண்டாவது அவர்களுடையதில், இரண்டையும் கூட்டித் தீர்ப்பு. எதிரணி வடக்கத்தியது. பருவம் முழுக்க மூன்றாவது இடத்தை விடாமல் வைத்திருந்த அணி.

"வந்ததெல்லாம் அதிஷ்டத்தில" என்றேன். "எங்கடையள் ஒரு ஆட்டமும் ஒழுங்கா விளையாடேல்லை."

"அத்தான், உங்கடை பேப்பர் வாயை ஒரு கிழமைக்குப் பூட்டி வையுங்கோ."

அந்தக் கிழமை நகரம் வழமையை விட அமைதியாக இருந்தது. பால்கனிகளில் ஒரு கொடியும் இல்லை. பாருக்கு நாளும் வருகிற, துறைமுகத்தில் சாமான் ஏற்றி ஓய்வு பெற்ற ஒரு கிழவர், ஆனி வெயிலிலும் தன் மார்கழி மேலங்கியைக் கழற்றவில்லை. முதலாளி கிழமை முழுக்கக் கழுவாத ஒரே கைத்துண்டால் மேசையைத் துடைத்தார், அது நாறியது. முதல் பிரிவு என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. "அந்த இடம்" என்றார்கள், அல்லது தாடையால் மேலே காட்டினார்கள். எதையாவது மாற்றினாலோ, கிடைக்காததைக் கிடைத்தது போலக் கொண்டாடினாலோ அது கை நழுவும் என்பது இங்கத்தையவர்களின் பயம். இவ்வளவையும் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததை ஒன்றாகச் சேர்த்து விளங்கிக்கொள்ளவில்லை. இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்து எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

எங்களிடம் வழக்கம் நேரெதிர். வீடு குடிபுகுந்தாலும் பரீட்சைக்குப் போனாலும் முதலில் வாயில் இனிப்பு. மச்சான் முதன்முதலாகப் பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூராவுக்குப் போன காலையில், என் மனைவி வாசலில் வைத்து அவன் வாயில் கற்கண்டு போட்டு அனுப்பினாள். குவெஸ்தூரா என்பது வெளிநாட்டவர்களின் கடதாசிகளைப் பார்க்கிற பொலிஸ் தலைமையகம். அன்று ஒரு கேள்வியும் இல்லாமல் வேலை முடிந்தது. அக்காவும் தம்பியும் அதை மறக்கவில்லை.

ஆகவே ஆட்டத்தன்று காலையில் எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள். றவையை நெய்யில் வறுத்து, வழக்கமான மஞ்சள் கலருக்குப் பதிலாகத் தமிழ்க் கடையில் வாங்கிய றோஸ் கலர் விட்டார்கள். அணியின் சட்டை றோஸும் கறுப்பும் என்பதால் மேலே கறுப்பு முந்திரிகைவற்றல். தட்டில் கொட்டி, ஆறவிட்டு, மச்சான் அதைச் சாய்சதுரமாக வெட்டினான். ஓரங்கள் நூல் பிடித்தது போல இருந்தன. இரண்டு பஸ்ஸிலும் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு போனோம்.

பாரில் மதியக் கூட்டம் இருந்தது. ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் அளவுநாடாவால் சுவரை அளந்துகொண்டிருந்தார். முதலாளி அவரிடம் "பிறகு, பிறகு" என்றார். அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். மச்சான் தட்டை மேசை நடுவில் வைத்துத் துணியை எடுத்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த இத்தாலியில், கூடியவரை உரக்கச் சொன்னான்: "நாங்கள் முதல் பிரிவுக்குப் போகிற சந்தோஷத்துக்கு. எல்லாரும் எடுங்கள்."

ஒருவரும் அசையவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். இரண்டு பேரின் கைகள் காற்சட்டையின் முன்பக்கத்துக்குப் போயின. கண்ணூறுக்கு இங்குள்ள ஆண்கள் செய்வது அது. ஒருவர் குனிந்து மேசையின் இரும்புக் காலைத் தொட்டார்; இரும்பைத் தொட்டால் கெட்டது விலகுமாம். முதலாளி தட்டைப் பார்க்காமல், "அதை உள்ளே கொண்டு போ" என்றார்.

மச்சான் என் பக்கம் திரும்பினான். "சீனி கூடிப்போச்சுதோ அத்தான்? ஒருத்தரும் வாயிலயே வைக்கேல்லையே."

மேலங்கிக் கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கலியாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "இவன் அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறான்."

சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பில்லை. தட்டு உள்ளே போவதற்குள், பயணக் கப்பலிலிருந்து இறங்கி வழி தவறி வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று பெருவிரலைக் காட்டினார்கள். பாரில் அந்தக் கேசரியைச் சாப்பிட்டவர்கள் அவர்கள் இருவர்தான்.

ஆட்டம் மாலையில், நல்ல வெளிச்சத்தில் தொடங்கியது. முதல் கோல் மூலை உதையிலிருந்து. வெளியே ஓசை அறுந்தபோது திரையில் பந்து இன்னும் மூலைக் கொடியருகே, புல்லில் இருந்தது. எதிரணி வீரர் அதை இரண்டு கையாலும் எடுத்துத் திருத்தி வைத்தார். பாரில் இருந்த எல்லாருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். ஆனாலும் ஒருவர், "தலையால் வெளியே அடி, வெளியே அடி" என்று கத்தினார். இரண்டாவது, எங்கள் கோல் காப்பாளர் பக்கத்தில் நின்ற தன் ஆளுக்கு மெதுவாகத் தட்டிக் கொடுத்தது. பந்து அந்த ஆளிடம் போய்ச் சேரவில்லை. இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது, தண்டனை உதை. பின்வரிசையில் நால்வர் இருந்தார்கள். நால்வரும் வெவ்வேறு நேரத்தில் முன்னால் ஏறினார்கள். நடுக்களத்தில் எதிரணியின் மூவருக்கு எங்கள் இருவர். ஆட்டத்தின் விளக்கம் இவ்வளவுதான். காரியாலயத்தில் இருந்திருந்தால் இந்த இடத்தில் பேனாவை மூடியிருப்பேன்.

மூன்றாவதுக்கான மௌனம் வந்தபோது மச்சான் பொரிகரண்டியோடு வெளியே வந்து, திரைக்குக் கீழே நின்றான். கிழவர் அவனைப் பார்த்தார், சமையலறைக் கதவைப் பார்த்தார், மறுபடியும் அவனைப் பார்த்தார்.

"உன் றோஸ் சேற்றைச் சாப்பிட்டிருந்தால் ஏழு வாங்கியிருப்போம்" என்றார்.

நான்காவது கோலை யாரும் பார்க்கவில்லை. சத்தம் நின்றது, கதிரைகள் நகர்ந்தன, ஆட்கள் திரைக்கு முதுகைக் காட்டிக் காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அது வலைக்குள் போவதை நானும் மச்சானும் முதலாளியும் மட்டும் பார்த்தோம். முதலாளி துடைத்த கிளாசையே துடைத்துக்கொண்டிருந்தார்.

தட்டைத் திரும்பக் கொண்டுவந்தோம். பஸ்ஸில் மச்சான் அதை மடியில் வைத்திருந்தான். வாசலில் என் மனைவி துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் தொடேல்லையோ?" என்றாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தைப் பற்றிக் கேட்காமல், கேசரியை மாடிப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டாள். நாக்கு றோஸாகிவிட்டது என்று அவர்கள் படிக்கட்டில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அடுத்த நாட்களில் பாரில் அவன் காப்பி கொண்டுவந்தால் ஒரு கை மேசைக்குக் கீழே போகும். "இனிப்பு வருகிறது, கவனம்" என்பார்கள். அரைப் பகிடிதான். மற்ற அரையை அவர்கள் நம்பினார்கள். மச்சான் முழுவதையும் நம்பினான்.

வியாழக்கிழமை அவனுக்கு ஓய்வு. மலையில் இருக்கிற குகைக் கோவிலுக்கு வெறுங்காலோடு ஏறப்போவதாகச் சொன்னான். சாந்தா றோசாலியா இந்த நகரத்தின் காவல் புனிதை. எங்களவர்களும் மொரிசியஸ் தமிழர்களும் ஞாயிறுகளில் அவளிடம் ஏறுவார்கள். அம்மன் கோவிலுக்குப் போகிற அதே மனம்தான். நானும் கூடப் போனேன், சப்பாத்தோடு. பழைய கல் பாதை வெயிலில் கொதித்தது. அவன் பாதத்தின் வெளி ஓரத்தால் நடந்தான்.

பாதி வழியில் நின்றோம். கீழே விளையாட்டரங்கு வெறுமையாகக் கிடந்தது. அதற்கப்பால் துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தது. அங்கே வைத்து நான் சொன்னேன்.

"மச்சான், அண்டைக்கு நாடா பிடிச்சு அளந்த ஆளைப் பாத்தனிதானே?"

"ஓம். ஐஸ்கிரீம் பெட்டி மாத்தப் போறாராம்."

"பெட்டிக்கு ஏன் சுவரை அளக்கிறான்? கூரை மட்டுக்கும் அளந்தவன்."

அவன் கீழே அரங்கத்தைப் பார்த்தான்.

"அவன் ஆட்டத்துக்கு முன்னம் வந்தவன்" என்றேன். "விளங்குதோ? நாங்கள் தட்டைத் திறக்க முன்னம்."

"அத்தான்" என்றான், கல்லில் உட்கார்ந்து பாதத்தைத் துடைத்துக்கொண்டு. "நீங்கள் கெட்டிக்காரன். எல்லாம் சரியாப் பாப்பியள். ஆனால் ஒண்டு சொல்லுங்கோ. நான் அந்தத் தட்டைக் கொண்டு போகாட்டி நாலு அடிச்சிருப்பாங்களோ?"

"அடிச்சிருப்பாங்கள். நடுவில ஆளில்லை. கோல் காப்பாளன்…"

"சும்மா இருங்கோ" என்று எழும்பினான். "நான் மன்னிப்புக் கேக்க வந்தனான். நீங்கள் வழக்குப் பேச வந்தனீங்கள்."

குகைக்குள் மலைத் தண்ணீர் தகரப் பீலிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் புனிதையின் சிலை இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். எழும்பி வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்கு நான்கு வரி போதும். வடக்கே நடந்தது. இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, இரண்டும் அவர்களுக்கு. எங்கள் அணி கோலை நோக்கி ஒழுங்காக ஒருமுறை அடித்தது. அது கம்பத்தில் பட்டது. பாரில் ஐந்து பேர். மேலங்கிக் கிழவர் வரவில்லை. அடுத்த தெருவில் அரங்கம் வெறுமையாக இருந்ததால் எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை. எல்லாவற்றையும் திரையில் அது வருகிற நேரத்தில் பார்த்தோம்.

"இன்னும் இருவது நிமிசம் கிடக்கு" என்றான் மச்சான்.

"சமனாக்கவே ஆறு வேணும்."

"மூண்டு நிமிசத்துக்கு ஒண்டு." அவன் சிரிக்கவில்லை. "உலகத்தில நடக்காததே?"

கடைசி நிமிடங்களும் முடிந்து, எதிரணி ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, எங்கள் ஆட்கள் புல்லில் குந்தியிருந்ததை எல்லாம் பார்த்த பிறகுதான் அவன் அடுப்பை நிற்பாட்டினான்.

மூன்றாம் நாள் முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கடை விற்றாயிற்று என்றார். நல்ல மனிதர்போலத் தோளில் கை வைத்துச் சொன்னாராம். நான் மறுநாள் மதியம் போய் அவரை நேரில் கேட்டேன். பழைய தொழிற்பழக்கம், ஒரு செய்தியை இரண்டாம் வாயால் கேட்டுவிட்டு இருக்க முடியாது.

"எப்போது விற்றீர்கள்?"

அவர் மறைக்கவில்லை. "பாஸ்குவாவுக்கு முன்பே கையெழுத்துப் போட்டேன்." பாஸ்குவா என்றால் உயிர்த்த ஞாயிறு, அணி அப்போது பதினோராவது இடத்தில் இருந்தது. "மேலே போயிருந்தால் உடைத்திருப்பேன், ஒப்பந்தத்தை."

"உடைத்திருப்பீர்களா?"

அவர் உதட்டைப் பிதுக்கித் தோளை உயர்த்தினார். பிறகு, "காப்பி குடிக்கிறாயா?" என்றார். குடித்தேன். அந்தக் கடையில் நான் குடித்த கடைசிக் காப்பி அது.

இதை மச்சானிடம் சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். கேசரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தட்டைத் திறக்க முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது, உன் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இவ்வளவையும் ஒழுங்காகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டது ஒரு வசனம் மட்டும்தான்.

"பாத்தீங்களே! வெண்டிருந்தால் உடைச்சிருப்பன் எண்டு அவரே சொல்லியிருக்கிறார்."

நான் மறுபடி விளக்க வாயெடுத்தேன். மனைவி குசினிக்குள் இருந்து, "இஞ்சாருங்கோ, காணும், விடுங்கோ" என்றாள். அவள் யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

மேல்மாடி வீட்டை ஆடியில் வேறு ஆட்கள் எடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளை ஓடுகிற சத்தம் எங்கள் கூரையில் கேட்கும். மச்சானுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில், படுக்கையில் கிடக்கிற ஒரு முதியவரைப் பார்க்கிற வேலை கிடைத்தது. சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. முதியவரின் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடுகிற இடம். கடதாசியில் இம்முறை முழுநேரம் இருக்கிறது, வீடு இல்லை. கட்டிலுக்கு மனைவியையும் மகளையும் கூப்பிட முடியாது. குடும்பத்துக்காக எடுத்து வைத்த மொழிபெயர்ப்புகளும் சான்றிதழ்களும் எங்கள் அலுமாரிக்கு மேல் இருக்கின்றன. அவற்றின் காலம் முடிந்துவிட்டது. மறுபடி எடுப்பதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

பார் இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி உறைகளும் திரைக்கு ஒட்டுகிற கண்ணாடித் தாள்களும் விற்கிறார்கள். அளந்த சுவரை உடைத்துவிட்டார்கள்.

புதிய பருவம் ஆவணியில் தொடங்கியது. அணி அதே இரண்டாம் பிரிவில், அதே மாதிரிப் பந்தைப் பின்னால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சொந்த மைதானத்தில் மூன்றுக்குப் பூச்சியம் தோற்றதை நான் பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன பத்திரிகையில் படித்தேன். நல்ல செய்தி, அளவாக வெட்டியிருந்தார்கள். அன்று பின்னேரம் வவுனியாவிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, அவை இந்தமுறை எப்பிடி?"

"இப்பதானே தொடங்கியிருக்கு."

"அந்தாளின்ரை முழங்கால்?"

அவர் வேறு அணிக்குப் போய்விட்டார். "சுகம்" என்றேன்.

"அப்ப வெல்லுவினம்" என்றாள். பிறகு, "இவர் அதைப் பற்றி ஒண்டும் கதைக்கிறேல்லை. மகள் றோஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடியோவில வந்தாலும் வேறை எங்கையோ பாக்கிறார்" என்றாள்.

போன மாதம் மச்சானுக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நாள். அவனுக்கு மட்டும். முதல் நாளே பகேரியாவிலிருந்து ரயிலில் வந்து எங்களோடு தங்கினான். காலையில் முகம் வழித்து, திருநீறு பூசி, கடதாசிகளைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். என் மனைவி உள்ளங்கையில் இரண்டு கற்கண்டோடு நின்றாள். முந்தி நின்ற அதே இடத்தில், அதே மாதிரி.

"ஆ காட்டு."

அவன் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய கையைப் பார்க்காமல் படிக்கட்டைப் பார்த்தான்.

"எல்லாம் முடிஞ்சாப் பிறகு தாங்கோ அக்கா."

"என்னடா இது? சாமான் வாங்கவே போறாய்? நல்ல காரியத்துக்குப் போகேக்கை…"

"முடிஞ்சாப் பிறகு" என்றான் மறுபடி, மெதுவாக. பிறகு, அவள் மனம் நோகக் கூடாதென்றோ என்னவோ, அவளுடைய விரல்களைத் தானே மடித்து மூடிவிட்டான். மூடிய கையை ஒரு கணம் பிடித்திருந்தான். இறங்கிப் போகும்போது படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டான். சும்மா பிடித்ததில்லை. பார்க்காரர்கள் மேசைக் காலைத் தொட்டது போல, இரண்டு விரலால்.

கீழே பஸ் வந்து நின்றது கேட்டது. என் மனைவி அவன் தெருவைக் கடந்து ஏறும்வரை பால்கனியில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கற்கண்டைப் போத்தலில் போட்டு, மூடியை இறுக்கினாள். கை பிசுபிசுத்திருக்க வேண்டும். குழாயடியில் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.